டயலிசிஸ்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மாமியாருக்கு டயலிசிஸ் தொடங்கியதிலிருந்து கூடப் போய் வருவது நான்தான். அவர் உள்ளே படுத்திருக்கும் நேரமெல்லாம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை, ராகலை என்று நாலா பக்கத்திலிருந்தும் வந்தவர்கள் இருப்பார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் இதே சந்தேகங்களில்தான் வந்து நிற்கும். புதிதாக வருபவர்கள் கேட்பதையும், பழகியவர்கள் குரலைத் தாழ்த்திக் கேட்பதையும் அவரவர் வாய்வார்த்தையிலேயே கீழே போட்டிருக்கிறேன்.

நான் டொக்டர் இல்லை. இதைப் பார்த்து மருந்தையோ அதன் அளவையோ மாற்ற வேண்டாம். உள்ளே எதைக் கேட்பது, எதைச் சொல்வது என்று தெரிந்துகொண்டு போவதற்குத்தான் இது.

டயலிசிஸ்னா நம்ம ரத்தத்தை எடுத்துட்டு வேற ரத்தம் ஏத்துறதா?

இல்லை. போவதும் உங்கள் ரத்தம், திரும்பி வருவதும் உங்கள் ரத்தம். ஒரு குழாய் வழியாக வெளியே வந்து, வடிகட்டியில் கழிவும் மிகுதித் தண்ணீரும் நீங்கி, இன்னொரு குழாய் வழியாக உள்ளே போகிறது. எந்த நேரத்திலும் வெளியே இருப்பது ஒரு டம்ளர் அளவு ரத்தம்தான்.

நல்ல சிறுநீரகம் இரவு பகலாக, கிழமைக்கு 168 மணி நேரமும் வேலை செய்கிறது. மெஷின் செய்வது நான்கு மணி நேரமாக மூன்று தடவை, மொத்தம் 12 மணி நேரம். மீதி நேரத்தில் சேருவதெல்லாம் உடம்பிலேயே கிடக்கும். கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இந்தக் கணக்கிலிருந்துதான் வருகின்றன. அப்புறம், ரத்தம் ஊறுவதற்கு வேண்டிய ஹோர்மோனைச் சுரப்பதும் சிறுநீரகம்தான். அதை மெஷினால் தர முடியாது. ஊசி போடுவது அதற்காக.

கிழமைக்கு மூணு தடவைன்னு சொல்றாங்க, எங்களுக்கு ரெண்டு நாள்தான் குடுத்திருக்காங்க. பரவாயில்லையா?

பொதுவான முறை மூன்று தடவைதான். மெஷின் குறைவாகவும் ஆட்கள் அதிகமாகவும் உள்ள இடங்களில் இரண்டு தடவை கொடுக்கிறார்கள். இன்னும் ஓரளவு சிறுநீர் போகிறவர்களுக்கு அது சமாளிக்கக்கூடியது. போகாதவர்களுக்கு இடைவெளி நாட்கள் கடினம். திங்களும் வியாழனும் என்றால் வியாழனுக்கும் அடுத்த திங்களுக்கும் நடுவில் நான்கு நாள். அந்த நீண்ட இடைவெளியின் கடைசியில்தான் மூச்சு முட்டுவதும் இதயக் கோளாறும் அதிகம் வருகின்றன. தண்ணீர், உப்பு, பழம் எல்லாவற்றிலும் அந்த நாட்களில்தான் கையை இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

கிடைத்த நாளில் நேரத்தைக் குறைக்காதீர்கள். "பஸ் போயிடும், அரை மணித்தியாலம் முன்னாடி கழட்டி விடுங்க" என்று கேட்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பஸ் நேரம் பிரச்சினை என்றால் அதையே சொல்லி வேறு முறை நேரம் கேளுங்கள். கேட்டதும் கிடைக்காது, ஆனால் கேட்டு வைத்தவரின் பெயர்தான் இடம் வரும்போது ஞாபகத்துக்கு வரும்.

'ட்ரை வெயிட்' 'ட்ரை வெயிட்'னு மிஸ்ஸி சொல்றாங்களே, அது என்னா?

மிகுதித் தண்ணீர் எதுவும் இல்லாமல் உங்கள் உடம்பு இருக்க வேண்டிய எடை. வீக்கம் இல்லை, மூச்சு சீராக இருக்கிறது, பிரஷர் சரியாக இருக்கிறது, தலை சுற்றவில்லை என்ற நிலையில் உள்ள எடை. போகும்போது 52 கிலோ, ட்ரை வெயிட் 50 என்றால் அன்று இரண்டு லிட்டர் அளவு தண்ணீரை எடுக்கப் பார்ப்பார்கள்.

நம் ஊர்க் குளிரில் ஒரு சிக்கல் இருக்கிறது. காலையில் ஸ்வெட்டர், அதற்கு மேல் ஜக்கெட், தலையில் தொப்பி, காலில் சப்பாத்து. எல்லாம் சேர்ந்து ஒரு கிலோவைத் தாண்டும். ஒரு நாள் இவற்றோடும் இன்னொரு நாள் இல்லாமலும் நிறுத்தால் கணக்குப் பிழைத்துவிடும். எப்போதும் ஒரே மாதிரி உடுப்போடு நிறுங்கள். அதோடு இந்த எடை நிலையானது அல்ல. சாப்பாடு பிடித்து உடம்பு தேறினால் கூடும், மெலிந்தால் குறையும். மெலிந்த பிறகும் பழைய எடையையே வைத்திருந்தால், குறைந்த சதையின் இடத்தில் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். "உடுப்பு தொளதொளன்னு போச்சு, ஆனா எடை அப்படியே இருக்கு" என்று யாராவது சொன்னால் உடனே டொக்டரிடம் சொல்லச் சொல்லுவேன்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கலாம்?

உங்களுக்கான அளவை டொக்டர்தான் சொல்ல வேண்டும். பொதுவாகச் சொல்லும் கணக்கு: ஒரு நாளில் போகும் சிறுநீரின் அளவு, அதோடு 500 மில்லிலிட்டர். சாயத்தண்ணி, கஞ்சி, ரசம், சொதி, மாத்திரைக்குக் குடிப்பது எல்லாம் இதற்குள்தான். காலையில் அந்த அளவை ஒரு போத்தலில் ஊற்றி வைத்துவிட்டு, எதைக் குடித்தாலும் அதே அளவைப் போத்தலிலிருந்து கொட்டிவிடுங்கள். போத்தல் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது.

கொழும்பிலோ மட்டக்களப்பிலோ இருப்பவருக்கு வியர்வையாகக் கொஞ்சம் போய்விடும். நுவரெலியாக் குளிரில் வியர்ப்பது குறைவு. மேலே குளிருக்கு இதமாக அடிக்கடி சாயத்தண்ணி கேட்கும். பெரிய கோப்பையைச் சின்னக் கோப்பையாக்குவதே எங்கள் வீட்டில் பலித்த ஒரே வழி.

ஆனால் தண்ணீரை விட உப்பைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். சுமார் 8 கிராம் உப்பு, அதாவது ஒன்றரைத் தேக்கரண்டி, ஒரு லிட்டர் தண்ணீரை உடம்பில் பிடித்து வைத்துக்கொள்ளும். கருவாடு, மாசிச் சம்பல், அச்சாறு, பக்கெட் நூடில்ஸ் சாப்பிட்டுவிட்டுத் தாகத்தை அடக்கு என்றால் யாராலும் முடியாது. தாகமெடுத்தால் வாயைக் கொப்பளித்துத் துப்பலாம், ஒரு ஐஸ் துண்டைச் சப்பலாம்.

கூடுதலா குடிச்சா என்னா, மெஷின்ல எடுத்துடுவாங்கதானே?

எடுக்கலாம், அதற்கு ஒரு வேகம் இருக்கிறது. மணிக்கு, எடையில் ஒரு கிலோவுக்கு 13 மில்லிலிட்டருக்கு மேல் போனால் இதயத்துக்குக் கெடுதல் என்று சிறுநீரக மருத்துவர்கள் கருதுகிறார்கள். 50 கிலோ ஆளுக்கு நான்கு மணி நேரத்தில் அது 2.6 லிட்டர். நான்கு கிலோ ஏறிப் போனால் ஒன்று வேகமாக எடுப்பார்கள், பிரஷர் விழுந்து கெண்டை பிடிக்கும். அல்லது மிச்சம் வைத்து அனுப்புவார்கள், இரவில் மூச்சு முட்டும்.

வீட்டுல எதைக் கவனிக்கணும்? எங்ககிட்ட மெஷின் கிஷின் ஒண்ணும் இல்லையே.

மெஷின் வேண்டாம். பிள்ளைகளின் பழைய கொப்பி ஒன்றும் பேனையும் போதும். முடிந்தால் ஒரு தராசு. (கொழுந்து நிறுக்கும் தராசில் ஆள் தொங்க முடியாது. தோட்ட டிஸ்பென்சரியில் உள்ளதைக் கேட்டுப் பாருங்கள்.)

உலகில் பல இடங்களில் டயலிசிஸ் எடுப்பவர்களிடம் அறிகுறிகளைக் கேட்டுப் புள்ளி போடும் படிவங்கள் இருக்கின்றன. ஐபோஸ்-ரீனல் என்ற ஒன்று, போன கிழமையில் ஒவ்வொரு தொந்தரவும் உங்களை எவ்வளவு பாதித்தது என்று 0 முதல் 4 வரை கேட்கும். இன்னொன்று 0 முதல் 10 வரை. நாம் 0 முதல் 4 வரை வைத்துக்கொள்வோம். 0 என்றால் இல்லை, 4 என்றால் தாங்க முடியவில்லை. களைப்பு, மூச்சு, அரிப்பு, கெண்டை பிடிப்பு, தூக்கம், பசி, குமட்டல், வலி, மனசு. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். கிழமைக்கு ஒரு தடவை போதும். தினமும் எழுதச் சொன்னால் மூன்றாம் நாளே கொப்பி அடுப்படிக்குப் போய்விடும்.

அதோடு நம் ஊருக்கென்று இரண்டு அளவுகோல். ஒன்று, ரோட்டிலிருந்து லயத்துக்கு ஏறும் படியில் எத்தனை இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறார் என்பது. போன மாதம் ஒரு இடம், இந்த மாதம் மூன்று இடம் என்றால் தண்ணீர் சேருகிறது, அல்லது ரத்தம் குறைந்திருக்கிறது, அல்லது இதயத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு, படுக்க எத்தனை தலையணை வேண்டியிருக்கிறது, நடு இரவில் எழுந்து உட்காருகிறாரா என்பது. மாமியாரின் கொப்பியில் ஒரு வரி இப்படி இருக்கும்: "ஞாயிறு. எடை 49.5. படியில் 2 இடம். அரிப்பு 3. தூக்கம் 2. கால் வீக்கம் கணுக்கால் வரை. சோறு பாதி." டொக்டர் பத்து விநாடியில் வாசித்துவிட்டார்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாதே, எப்படி எண் போடச் சொல்றது?

எண் வேண்டாம். கையை விரித்துக் காட்டச் சொல்லுங்கள். மடக்கிய கை என்றால் ஒன்றுமில்லை, நான்கு விரல் என்றால் தாங்க முடியாது. எழுதுவது பேரப்பிள்ளையின் வேலை. ஆனால் விரலைக் காட்ட வேண்டியது அம்மா. "அம்மாவுக்கு அவ்வளவு இல்லீங்க" என்று பக்கத்தில் நிற்கும் மகன் பதில் சொல்வதைப் பார்க்கிறேன். அரிப்பு அவருக்கா, அம்மாவுக்கா?

சொன்னா ஏசுவாங்கன்னு பயமா இருக்கு. தண்ணி கூடக் குடிச்சதைச் சொல்லணுமா?

சொல்ல வேண்டும், அதுவும் மெஷினில் போடுவதற்கு முன். எவ்வளவு தண்ணீர் எடுப்பது என்று அப்போதுதான் முடிவு செய்கிறார்கள். போன தடவை கெண்டை பிடித்தது, தலை சுற்றியது, வீட்டுக்குப் போய் வாந்தி வந்தது எல்லாம் அந்த நேரத்தில் சொன்னால் வேகத்தையோ எடையையோ மாற்ற முடியும். முடிந்து எழும்பும்போது சொன்னால் அடுத்த தடவைதான்.

நம் ஆட்களுக்குப் பெரியாஸ்பத்திரி என்றாலே கையைக் கட்டி நிற்கும் பழக்கம். "எப்படி இருக்கு?" என்றால் "நல்லா இருக்குங்க." அதை வைத்துத்தான் அவர்கள் எழுதுகிறார்கள். இதற்கு ஒரு சுருக்கமான வழி: என்ன தொந்தரவு, எப்போதிருந்து, அதனால் எதைச் செய்ய முடியவில்லை. "ரெண்டு கிழமையா ராத்திரி அரிப்பு, தூக்கமே இல்லை, பகல்ல சமைக்கக்கூட ஏலாது." இவ்வளவும் சொன்னால் யாரும் தள்ளிவிட முடியாது. ஏச்சு விழுந்தாலும் விழட்டும், தகவல் போய்ச் சேர்ந்துவிட்டது.

எங்களுக்குச் சிங்களம் வராது. அங்க தமிழ் பேசுற ஆள் இல்லாத நாள்ல என்னா செய்யிறது?

1987இன் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்திலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. தமிழில் விளக்கம் கேட்பது உங்கள் உரிமை. உரிமை இருந்தாலும் கெண்டை பிடித்து இழுக்கும் நேரத்தில் சட்டம் பேச முடியாதே. அதனால் சில சொற்களைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். மூச்சு விடக் கஷ்டம் என்றால் "ஹுஸ்ம கன்ன அமாருய்". கெண்டை பிடிக்கிறது என்றால் "கெண்டா பெரலெனவா". தலைச்சுற்று "கரகெவில்ல". அரிக்கிறது "கசனவா". களைப்பு "மஹன்சிய்".

சத்திரசிகிச்சைக்குக் கையெழுத்து, சிகிச்சையை மாற்றுவது போன்ற பெரிய பேச்சுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தமிழ் தெரிந்த தாதியோ டொக்டரோ வரும் நாளைக் கேட்டு, அன்று பேசுங்கள்.

முடிஞ்சு வீட்டுக்கு வந்தா அடிச்சுப் போட்ட மாதிரி கிடக்காரு. இது எல்லாருக்கும் வர்றதா?

பலருக்கு வரும். எல்லோருக்கும் வருகிறது என்பதற்காகச் சொல்லாமல் விடக்கூடாது. டயலிசிஸ் ஆய்வுகளில் எதை முக்கியமாக அளக்க வேண்டும் என்று நோயாளர்களையும் மருத்துவர்களையும் சேர்த்துக் கேட்ட சொங் என்ற சர்வதேச முயற்சியில், இதய நோய், உயிரிழப்பு, டயலிசிஸுக்கு ரத்தம் எடுக்கும் ரத்தக்குழாய் வழி ஆகியவற்றோடு களைப்பும் சேர்க்கப்பட்டது. நோயாளர்கள் அதை அந்த அளவுக்குப் பெரிதாக நினைத்தார்கள்.

கேட்டு எழுத வேண்டிய கேள்வி ஒன்றே: முடிந்த பிறகு பழைய நிலைக்கு வர எவ்வளவு நேரம் ஆனது? இரண்டு மணி நேரமா, இரவு தூங்கி எழுந்த பிறகா, மறுநாள் சாயங்காலமா? அது நீண்டுகொண்டே போனால் தண்ணீரை வேகமாக எடுக்கிறார்களா, பிரஷர் விழுகிறதா, ரத்தம் குறைவா என்று பார்ப்பார்கள். கண்டியிலிருந்து கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை என்று ஹட்டன் வரை வளைவில் நின்றுகொண்டு வருவதும் இதில் சேரும். அது ரிப்போர்ட்டில் வராது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மெஷின்ல இருக்கும்போதே கெண்டைக்கால் பிடிச்சு இழுக்குது. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கணுமா?

வேண்டாம், உடனே கூப்பிடுங்கள். தண்ணீர் எடுப்பதை நிறுத்தலாம், மெதுவாக்கலாம். பாதத்தை மேல்நோக்கி வளைத்துப் பிடித்தாலும் கொஞ்சம் விடும். ஒவ்வொரு தடவையும் கடைசி ஒரு மணி நேரத்தில் வருகிறது என்றால் ட்ரை வெயிட் குறைவாக வைத்திருக்கலாம், அல்லது நீங்கள் அதிகம் ஏறிப் போகிறீர்கள். உங்கள் கொப்பியிலுள்ள எடையைப் பார்த்தால் எது என்று தெரியும்.

மேலெல்லாம் அரிச்சுப் பிடுங்குது. அலர்ஜி மாத்திரை போட்டும் கேக்கலையே?

இந்த அரிப்பு பெரும்பாலும் அலர்ஜி அல்ல. கழிவு சரியாகப் போகாதது, பொஸ்பரஸ் கூடுவது, தோல் காய்வது, நரம்பு என்று பல காரணம் சேர்ந்து வருவது. சாப்பாட்டோடு போடச் சொல்லிக் கொடுக்கும் கல்சியம் மாத்திரையைப் பலர் சாப்பாட்டுக்கு வெகுநேரம் கழித்துப் போடுகிறார்கள். அது சாப்பாட்டில் உள்ள பொஸ்பரஸைப் பிடிப்பதற்காக. சோறு இறங்கிய பிறகு போட்டுப் பயன் இல்லை.

குளிர் நாளில் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளிப்பது சுகமாக இருக்கும், தோலைக் காய வைக்கும். இளஞ்சூட்டில் குளித்து, ஈரம் போவதற்குள் தேங்காயெண்ணெய் தடவுங்கள். அப்படியும் 3, 4 என்றே நின்றால் நரம்பைத் தணிக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. அவற்றை டொக்டர்தான் சிறுநீரகத்துக்கு ஏற்ற சின்ன அளவில் தருவார். பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள்.

ராத்திரி கால் சும்மா இருக்க மாட்டேங்குது, ஆட்டிக்கிட்டே இருக்கணும் போல இருக்கு. பைத்தியம்னு நெனப்பாங்களா?

நினைக்க மாட்டார்கள். டயலிசிஸ் எடுப்பவர்களுக்குப் பழக்கமான தொந்தரவு, மருத்துவத்தில் அதற்கென்று பெயரும் உண்டு. இரும்புச்சத்துக் குறைவாலும் வரும். சொல்லிவிட்டால் ரத்தத்தைப் பார்ப்பார்கள்.

கையில வழக்கமா ஓடுற 'கிர்ர்' நின்னுட்ட மாதிரி இருக்கு. கிளினிக் நாள் வரைக்கும் பொறுக்கலாமா?

பொறுக்கக் கூடாது. பிஸ்டுலாவில், அதாவது டயலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்த இடத்தில், விரலை வைத்தால் தெரியும் அதிர்வு நின்றால் ரத்தம் கட்டியிருக்கலாம். சில மணி நேரத்துக்குள் போனால் காப்பாற்றும் வாய்ப்பு உண்டு. அதனால் காலையில் எழும்பியதும், இரவில் படுக்கும் முன்பும் தொட்டுப் பாருங்கள். காதை வைத்தால் சத்தமும் கேட்கும்.

அந்தக் கையில் பிரஷர் பார்க்க, ரத்தம் எடுக்க, ஊசி போட விடக்கூடாது. தோட்ட டிஸ்பென்சரியில் புதிய ஆள் இருந்தால் நீங்களே சொல்லுங்கள். இறுக்கமான வளையல், கடிகாரம் வேண்டாம். தண்ணீர்க் குடம், விறகுக் கட்டு, கொழுந்துக் கூடை எதையும் அந்தக் கையால் தூக்காதீர்கள். தலையணைக்குக் கீழே மடித்து வைத்துத் தூங்குவதும் கூடாது. இன்னொன்று நம் ஊருக்கு மட்டும்: டயலிசிஸில் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுப்பார்கள். அன்றைக்கு அட்டை கடித்தால் ரத்தம் லேசில் நிற்காது. மழை நாளில் வரும்போது புல்லுப் பாதையை விட்டு ரோட்டால் வாருங்கள். பிஸ்டுலாவிலேயே ரத்தம் பீறிட்டால் கையை உயர்த்தி, விரலால் அந்த இடத்தையே அழுத்திப் பிடித்துக்கொண்டு 1990 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

கழுத்துல குழாய் போட்டிருக்கு. லேசாக் காய்ச்சல். பெனடோல் போட்டுப் பார்க்கலாமா?

டயலிசிஸுக்காகக் கழுத்தில் குழாய் உள்ளவருக்குக் காய்ச்சலோ நடுக்கமோ வந்தால் குழாய் வழியாகக் கிருமி ரத்தத்துக்குப் போயிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அன்றே ஆஸ்பத்திரி. மாத்திரை போட்டுக் காய்ச்சலை இறக்கி இரண்டு நாள் பார்ப்பது உயிருக்கே ஆபத்து. குழாயின் மேல் போட்ட கட்டு நனையாமல் உடம்பைத் துடைத்துவிட்டால் போதும், தலைக்குக் குளிக்க வேண்டியதில்லை.

கீரை, கிழங்கு, பழம் ஒண்ணுமே தொடக் கூடாதா?

தொடலாம், அளவும் செய்முறையும்தான் முக்கியம். பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் இதயம் நின்றுவிடலாம், பல நேரம் முன்னறிகுறியே இருக்காது. உருளைக்கிழங்கு, பலாக்காய், கீரை, தக்காளி, வாழைப்பழம் ஆகியவற்றில் அது அதிகம். கோவா, கரட், போஞ்சி கொஞ்சம் பரவாயில்லை. கிழங்கைத் தோல் சீவிச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் ஓரளவு போய்விடும். இளநீர் வேண்டவே வேண்டாம். சஷ்டி விரதம் முடித்து இளநீரும் கதலிப்பழமுமாக எடுப்பவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

காமரங்காய், அதாவது நட்சத்திரப் பழம், ஒரு துண்டும் கூடாது. அதிலுள்ள நச்சு சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு வெளியேறாது. விக்கல், குழப்பம், வலிப்பு என்று போய் உயிரிழந்தவர்கள் உண்டு. முட்டை, மீன், கோழி ஆகியவற்றைப் பயந்து விட்டுவிடாதீர்கள். டயலிசிஸ் தொடங்கிய பிறகு புரதம் முன்பை விடக் கூடுதலாக வேண்டும்.

டயலிசிஸ் அன்னைக்குக் காலையில பிரஷர் மாத்திரை போடலாமா? முழங்கால் வலிக்கு எண்ணெய், கஷாயம்?

பிரஷர் மாத்திரையைப் பற்றி ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார்கள். அன்று போட்டுவிட்டுப் போனால் சிலருக்கு மெஷினில் பிரஷர் சரிந்துவிடும். உங்களுக்கு எப்படி என்று கேட்டு, கிளினிக் கொப்பியிலேயே எழுதி வாங்குங்கள். வெளியே பூசும் எண்ணெயால் பெரிய தொல்லை இல்லை. கஷாயம் என்பது தண்ணீர்க் கணக்கிலும் பொட்டாசியக் கணக்கிலும் சேரும். சில மூலிகைகள் சிறுநீரகத்தையே கெடுக்கும். கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோபினக், புரூபன் வகை வலி மாத்திரைகள் மிச்சமிருக்கும் கொஞ்சச் சிறுநீரையும் நிறுத்திவிடலாம்.

எதுக்கெல்லாம் விடிய வரைக்கும் காத்திருக்காம ஓடணும்?

படுக்க முடியாத மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, கால் கை திடீரென்று தளர்ந்து போவது, நெஞ்சு படபடத்துத் தவறித் துடிப்பது, மயக்கம், வலிப்பு, பேச்சில் குழப்பம், நிற்காத ரத்தம், மேலே சொன்ன நடுக்கக் காய்ச்சல், நின்றுபோன பிஸ்டுலா. 1990 சுவசெரிய இலவசம். லயம் வரை வண்டி வராது என்றால் எந்தச் சந்தியில், எந்தக் கோவிலடியில் நிற்பீர்கள் என்பதை முன்கூட்டியே வீட்டில் பேசி வையுங்கள். ஆளைத் தூக்கி வருவது யார் என்பதையும் சேர்த்து.

மழையில ரோட்டு மூடிட்டா, மண் சரிஞ்சிட்டா?

ஒரு தடவை தவறினால் அன்றே பிரிவுக்குப் போன் போட்டு அடுத்து எப்போது என்று கேளுங்கள். அதுவரை தண்ணீரைப் பாதியாக்கி, பழம், கிழங்கு, கருவாடு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் பிரதேசத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விட்டால், ரோடு திறந்திருக்கும்போதே நகரத்தில் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்கு இறங்கிவிடுவது நல்லது. கொப்பி, மாத்திரை, கிளினிக் கார்ட் மூன்றும் ஒரு பொலித்தீன் பையில் எப்போதும் தயாராக இருக்கட்டும்.

வேலைக்குப் போகாம பேர் விழாது. செலவுக்கு ஏதாச்சும் வழி இருக்கா?

அரசாங்க ஆஸ்பத்திரியில் டயலிசிஸுக்குக் காசு இல்லை. பஸ்ஸும் ஓட்டோவும் இழந்த பேரும், அதாவது இழந்த நாட்சம்பளமும்தான் செலவு. அஸ்வெசும திட்டத்தில் சிறுநீரக நோயாளருக்கு மாதாந்த உதவித்தொகை இருக்கிறது. கிராம சேவகரிடம் தொடங்கி, மருத்துவச் சான்றோடு பிரதேச செயலகத்துக்குப் போங்கள். ஊழியர் சேமலாப நிதியிலிருந்து மருத்துவத் தேவைக்கு ஒரு பகுதியை முன்கூட்டியே எடுப்பது பற்றியும் விசாரியுங்கள்.

வயித்துல தண்ணி விட்டு எடுக்கிற டயலிசிஸ் எங்களுக்குச் சரிவருமா?

தூரத்தில் இருப்பவர்களுக்கு நல்ல வழிதான். வீட்டிலேயே செய்யலாம், பெரும்பாலும் நாளைக்கு நான்கு தடவை. இரண்டு காம்பராவில் ஏழு பேர் இருக்கும் லயத்தில் என்ன செய்வது என்பதுதான் கேள்வி. கை கழுவ ஓடும் தண்ணீர், கதவை மூடக்கூடிய சுத்தமான ஒரு மூலை, அடுப்புப் புகை வராத இடம், பெட்டிகளை அடுக்க இடம். இவை இருந்தால் கேட்டுப் பாருங்கள். வெளியே வரும் தண்ணீர் கலங்கலாக இருந்தால் அது தொற்று, அன்றே போக வேண்டும்.

சிவனொளிபாத மலைக்கு நேர்த்தி இருக்கு. ஏறலாமா?

நல்லதண்ணியிலிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படி. லயத்துப் படியிலேயே இரண்டு இடத்தில் நிற்பவர் ஏறக் கூடாது. கீழே நின்று கும்பிட்டுவிட்டு, மகனை ஏற்றி அனுப்புங்கள்.

ரிப்போர்ட் எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்றாங்க. ஆனா எனக்கு ஒண்ணும் ஏலாம இருக்கே?

இரண்டும் உண்மையாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை சொல்வது கழிவு எவ்வளவு போனது, உப்புகள் எப்படி இருக்கின்றன என்பதை. தூக்கம், அரிப்பு, பசி, பயம் எதற்கும் அதில் கோடு இல்லை. கொப்பி அதற்காகத்தான். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேச வேண்டும்.

உங்களுக்கு எது முக்கியம் என்பதையும் சொல்லுங்கள். ஒருவருக்கு மகளின் சடங்கன்று நிற்க முடிய வேண்டும். இன்னொருவருக்கு வீட்டுத் தோட்டத்தில் லீக்ஸ் போட முடிந்தால் போதும். எங்கள் மாமிக்கு வெள்ளிக்கிழமை கோவிலுக்கு நடந்து போக வேண்டும், அவ்வளவுதான். அதைச் சொன்ன பிறகு நாளை மாற்றிக் கொடுத்தார்கள். இல்லையென்றால் வெள்ளியும் மெஷின்தான்.

பேசாம, சிரிக்காம, சுவத்தைப் பார்த்துக்கிட்டே படுத்திருக்காரு. நோயாலயா, மனசாலயா?

பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை, சொல்ல வேண்டியதுதான் முக்கியம். டயலிசிஸ் எடுப்பவர்களிடம் மனச்சோர்வு அதிகம். இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் டொக்டரிடம் சொல்லுங்கள். 1926 தேசிய மனநல உதவி எண், எந்த நேரமும் கூப்பிடலாம். தண்ணீர்க் கட்டுப்பாட்டை விட்டு வேண்டுமென்றே குடிப்பதும், வரமாட்டேன் என்று அடம்பிடிப்பதும் சில நேரம் இதன் வெளிப்பாடு. அந்த நேரத்தில் ஏசினால் இன்னும் உள்ளே போய்விடுவார்.

"போதும், இனிமே போகலை"ன்னு அப்பா சொல்றாரு. என்னா செய்யிறது? அவருக்குத் தெரியாம டொக்டர்கிட்ட பேசலாமா?

முதலில் ஏன் என்று கேளுங்கள். அரிப்பா, கெண்டை பிடிப்பா, பஸ் பயணமா, பிள்ளைகளுக்குச் செலவு என்ற எண்ணமா, முந்திய கேள்வியில் சொன்ன மனச்சோர்வா? பல பேருக்கு அதில் ஒன்றைச் சரி செய்ததும் முடிவு மாறுகிறது.

எல்லாம் பார்த்த பிறகும் தெளிவான மனதோடு வேண்டாம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், பெரும்பாலும் வயதானவர்கள், வேறு நோய்களும் உள்ளவர்கள். சிறுநீர் அறவே போகாதவர் நிறுத்தினால் சில நாட்களிலிருந்து ஓரிரு கிழமைக்குள் முடிவு வரும். கொஞ்சம் போகிறவருக்கு அது நீளலாம். டயலிசிஸை நிறுத்துவதால் வைத்தியம் நின்றுவிடாது. மூச்சு, வலி, அரிப்பு, குமட்டலுக்கு மருந்து தொடரும், தொடர வேண்டும். அதைக் கேட்டு வாங்க வேண்டியது குடும்பம்.

அவருக்குத் தெரியாமல் பேச வேண்டாம். அவரை வைத்துக்கொண்டே, தமிழில் விளங்கப்படுத்தக்கூடிய ஒருவர் இருக்கும் நாளில், நேரம் கேட்டு உட்காருங்கள். அவர் கேட்க விரும்புவதை முந்தின நாளே கொப்பியில் எழுதி வையுங்கள். வெளிநாட்டில் இருக்கும் அண்ணனோ தங்கையோ போனில் முடிவெடுப்பது இந்த விஷயத்தில் சரிவராது. அவர்களையும் அந்த நேரத்தில் ஸ்பீக்கரில் போட்டுவிடுங்கள், டொக்டர் சொல்வதை நேரடியாகக் கேட்கட்டும்.